அரைப்படி நெல் எங்கே போனது? – ‘குருதிப்புனல்’ நாவலை முன்வைத்து

(நங்கநல்லூரில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழவந்தாங்கல் ரயில் நிலையத்தில் இறங்கி இந்த மாடிக்கு நடந்து வந்தேன். வழியில் ‘வீடு வாடகைக்கு’ என்று நான்கு அட்டைகள் கண்ணில் பட்டன. இரண்டில் ‘சைவம் மட்டும்’ என்று போட்டிருந்தது. இந்தப் பகுதிக்கு அது புதிதல்ல. சென்னையின் பல பகுதிகளுக்கும் புதிதல்ல. ஆனாலும் அதைப் பார்த்ததும் ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வந்தது. புத்தகத்துக்குள் போவதற்கு முன் அதைச் சொல்லிவிடுகிறேன். பிறரை விமர்சிக்க வந்தவன் தன் கணக்கை முதலில் காட்டுவதுதான் முறை.

வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்த புதிதில் இந்தப் பக்கத்தில்தான் ஓர் அறை பார்த்தேன். வீட்டுக்காரர் நல்ல மனிதர். “சைவந்தானே தம்பி?” என்றார். “ஆமாங்க” என்றேன். “சொந்த ஊர்?” “கீழ்வேளூர் பக்கம்.” “அங்க பிள்ளைமார் ஜாஸ்தி இல்ல?” நான் சிரித்தேன். அவ்வளவுதான். அந்தச் சிரிப்பை அவர் பதிலாக எடுத்துக்கொண்டார், அவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். பதினான்கு மாதங்கள் அந்த வீட்டில் இருந்தேன். நடுவில் அம்மா ஊரிலிருந்து வந்தார். பையில் எனக்காகக் கருவாடு கொண்டுவந்திருந்தார். அந்தப் பொட்டலத்தை நான் பிரிக்கவே விடவில்லை. மூன்றாம் நாள் அதை அப்படியே ஊருக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

சமரசம் என்ற சொல்லை வைத்து இன்று பேசச் சொன்னார்கள். விதி, காதல், சமரசம், இவை மூன்றும் ஒரு புரட்சி நாவலில் என்ன ஆகின்றன என்பது தலைப்பு. ரஷ்ய நாவல் எதையாவது எடுத்துக்கொள்ளலாமே என்று தோழர் ஒருவர் சொன்னார். பேசலாம்தான். ஆனால் நம் மண்ணில் எழுதப்பட்ட ஒரு புரட்சி நாவல் இருக்கிறது. அதை இன்னும் நாம் சரியாகப் பேசி முடிக்கவில்லை. இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’. 1975இல் எழுதப்பட்டது, 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கீழவெண்மணியை வைத்து எழுதப்பட்ட நாவல்.

வெண்மணி உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இளையவர்கள் சிலர் இருக்கிறார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அன்றைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தின் கிழக்குப் பகுதி. 1960இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் தஞ்சையும் ஒன்று. புது உரம், புதுக் கடன், ஆடுதுறை 27 என்ற புது நெல். விளைச்சல் கூடியது. களத்தில் குவியல் உயர்ந்தது. அறுத்தவருக்கு அளந்து போட்ட கூலி மட்டும் உயரவில்லை. அறுவடைக் கூலியில் கூடுதலாக அரைப்படி நெல் கேட்டார்கள். கேட்பதற்குச் சங்கம் வைத்தார்கள். தெருவில் செங்கொடி ஏற்றினார்கள். மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு, கொடியை இறக்கு என்றார்கள். வெளியூர் ஆட்களை அறுவடைக்கு இறக்கினார்கள். 1968 டிசம்பர் 25 இரவு, தாக்க வந்த கூட்டத்துக்குத் தப்பி இராமையாவின் குடிசைக்குள் ஒடுங்கியவர்களை உள்ளே வைத்துப் பூட்டித் தீ வைத்தார்கள். 44 பேர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். எல்லோரும் தலித் மக்கள்.

அரைப்படி என்பது எவ்வளவு என்று எங்கள் பாட்டி காட்டுவார். கீழ்வேளூர்ப் பக்கத்துக் களங்களில் வாழ்நாள் முழுக்க அறுத்தவர். அந்த இரவைப் பற்றி அவர் பேச மாட்டார். படியைப் பற்றித்தான் பேசுவார். “வாங்குறப்ப கோபுரமா அளப்பானுவ, நமக்குப் போடுறப்ப தலைதட்டிப் போடுவானுவ” என்பார். ஒரே படிதான், அதே மரப்படிதான். கை மாறும்போது அளவு மாறும். பாட்டி சொன்ன இந்த ஒரு வாக்கியத்தில் கூலி, சாதி, அதிகாரம் எல்லாம் இருக்கின்றன என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

இப்போது நாவலுக்கு வருவோம்.

டெல்லியிலிருந்து கோபால், சிவா என்ற இரண்டு படித்த இளைஞர்கள் கிராமத்துக்கு வருகிறார்கள். நாம் கிராமத்தைப் பார்ப்பது பெரும்பாலும் இவர்கள் கண் வழியாகத்தான். ஊரின் மிராசுதார் கண்ணையா நாயுடு. ஊரில் கம்யூனிஸ்ட் இயக்கம் இருக்கிறது, கூலிப் போராட்டம் இருக்கிறது, சாதி இருக்கிறது. கடைசியில் நெருப்பு இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் நடுவில் நாவலாசிரியர் ஒரு திறவுகோலை வைக்கிறார். கண்ணையா நாயுடு ஆண்மைக் குறைபாடு உள்ளவர். அதை மறைக்கவே பெண்களோடு தொடர்பு உள்ளவராக ஊர்முன் வேடம் போடுகிறார். அந்தக் குறை அம்பலமாகும்போது ஏற்படும் அவமானம் அவருடைய வன்முறைக்கு விசையாகிறது.

இதை இடதுசாரி விமர்சகர்கள் அன்றே கடுமையாக எதிர்த்தார்கள். வர்க்கப் போராட்டத்தை ஃபிராய்டிடம் அடகு வைத்துவிட்டார் என்றார்கள். ஆதரித்தவர்கள், இலக்கியம் கட்சித் துண்டறிக்கை அல்ல, மனித மனத்தின் இருட்டைக் காட்டுவதுதான் அதன் வேலை என்றார்கள். இந்த விவாதம் இப்படியே சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டு தரப்பும் ஒன்றைப் போதுமான அளவு பேசவில்லை என்று நினைக்கிறேன். அது சாதி.

என் வாதத்தைச் சொல்வதற்கு முன்னால் நீதிமன்றத்துக்குப் போய் வர வேண்டும்.

1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கும் வேறு சிலருக்கும் பத்தாண்டு சிறை விதித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அந்தத் தீர்ப்பு சொன்னதன் சாரம் இதுதான்: குற்றம் சாட்டப்பட்டவர்கள் மிராசுதார்கள், வசதியானவர்கள், பெரும் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள், ஒருவரிடம் கார்கூட இருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்பது நம்பும்படியாக இல்லை.

இந்தத் தீர்ப்பையும் நாவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தீர்ப்பு 1973. நாவல் 1975. இரண்டுக்கும் நோக்கம் வேறு. தீர்ப்பு மிராசுதாரை விடுவித்தது, நாவல் அவரைக் குற்றவாளி என்றது. அந்த வேறுபாடு சிறியதல்ல. ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் திகைத்து நிற்கின்றன. கௌரவமான, நிலபுலன் உள்ள ஒரு மனிதர் அரைப்படி நெல்லுக்காக 44 பேரை எரிப்பாரா என்பதுதான் அந்த இடம். எரிக்கமாட்டார், எனவே அவர் செய்யவில்லை என்றது நீதிமன்றம். சும்மா எரிக்கமாட்டார், எனவே அவருக்குள் வேறு ஏதோ நோய் இருக்க வேண்டும் என்றது நாவல்.

நான் சொல்வது, அவருக்கு எந்த நோயும் தேவையில்லை என்பதைத்தான். நன்றாக உண்டு, நன்றாக உறங்கி, மனைவி மக்களோடு மகிழ்ச்சியாக வாழ்ந்து, கோயிலுக்கு நன்கொடை கொடுக்கிற ஒருவரும் அதைச் செய்ய முடியும். சாதி என்பது அப்படித்தான் வேலை செய்கிறது. அதற்குக் கொடூரமான மனம் தேவைப்படுவதில்லை. ‘இவர்கள் நமக்குச் சமமில்லை’ என்ற சாதாரணமான, தினசரி, வீட்டுக்குள் கற்றுக்கொண்ட எண்ணம் போதும். அந்த இரவு போனது ஒரு தனி மனிதர் அல்லவே, ஒரு கூட்டம். கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் அந்தரங்கத்தில் ஒரு குறை இருந்ததா? கண்ணையா நாயுடுவுக்கு ஒரு நல்ல வைத்தியர் கிடைத்திருந்தால் வெண்மணி எரிந்திருக்காதா? நாவலின் தர்க்கத்தைக் கடைசிவரை பின்தொடர்ந்தால் இந்த அபத்தமான கேள்வியில் போய் முட்டிக்கொள்கிறோம்.

இங்கேதான் விதி வருகிறது.

தமிழில் விதி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று தலைவிதி, நம் கையில் இல்லாதது. இன்னொன்று சட்டவிதி, யாரோ உட்கார்ந்து எழுதியது. எழுதியதைத் திருத்தலாம், அடிக்கலாம், கிழிக்கலாம். சாதியின் மிகப்பெரிய தந்திரம், இரண்டாவதை முதலாவது போலக் காட்டியதுதான். யாரோ எழுதிய விதியைத் தலையில் எழுதிய விதி என்று நம்ப வைத்தது. கர்மக் கொள்கைக்கு எதிராக அம்பேத்கர் அவ்வளவு எழுதியதற்கும், தலையெழுத்து என்ற பேச்சைப் பெரியார் மேடைக்கு மேடை கிண்டலடித்ததற்கும் காரணம் இதுதான்.

‘குருதிப்புனல்’ தலைவிதியை நம்புகிற நாவல் அல்ல. அதன் ஆசிரியர் பகுத்தறிவோடு எழுதியவர். ஆனால் வேறு வடிவில் விதி உள்ளே வந்துவிடுகிறது. ஒருவன் உடம்பில் இருக்கும் குறை அவனைக் கொலைக்குத் தள்ளுகிறது என்றால், அது விதி. அந்தக் கொலை இன்னொருவனைத் தவிர்க்க முடியாதபடி வன்முறைப் புரட்சிக்குத் தள்ளுகிறது என்றால், அதுவும் விதி. எல்லாமே நடந்தே தீரும் என்பது போல நாவல் நெருப்பை நோக்கி உருண்டு போகிறது. வாசிக்கும்போது மூச்சு முட்டுகிறது. வாசித்து முடித்த பிறகு யோசித்தால், ஒன்று இல்லாமல் போயிருப்பது தெரிகிறது. மக்களின் முடிவுகள்.

வெண்மணி மக்கள் விதியால் தள்ளப்பட்டு வந்தவர்கள் அல்லர். அவர்கள் முடிவெடுத்து வந்தவர்கள். அதற்குப் பின்னால் கால் நூற்றாண்டு உழைப்பு இருந்தது. 1943இல் பி. சீனிவாசராவ் தஞ்சைக்கு வந்தார். கன்னடம் தாய்மொழி, பிறந்தது பிராமணக் குடும்பம். கோபாலையும் சிவாவையும் போல அவரும் வெளியூர்க்காரர்தான். ஆனால் அவர் பண்ணையாட்களின் குடிசைகளில் தங்கினார், அவர்கள் உண்டதை உண்டார், அவர்களிடம் கேட்டுக் கேட்டு அமைப்பைக் கட்டினார். சவுக்கடி கூடாது, சாணிப்பால் புகட்டக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுத வைக்க வேண்டியிருந்த காலம் அது. மனிதனுக்குச் சாணியைக் கரைத்து ஊற்றக் கூடாது என்பதை ஒரு கோரிக்கையாக வைக்க வேண்டியிருந்தது, தோழர்களே. அங்கிருந்து தொடங்கியவர்கள் 1968இல் அரைப்படி நெல்லுக்கு வந்திருந்தார்கள். ‘ஐயா’ என்று கும்பிட்டுக் கேட்கவில்லை, சங்கமாகக் கேட்டார்கள். மிராசுதார்களால் தாங்க முடியாமல் போனது அரைப்படி அல்ல, அந்தக் கேட்ட விதம்.

நாவலில் இந்த வரலாறு பின்னால் மங்கலாகத் தெரிகிறது. முன்னால் நிற்பது கோபாலின் மனப் போராட்டம். புத்தகம் படித்த ஒருவன் செயலுக்கு மாறுகிறானா, வன்முறை சரியா தவறா, தான் யார் என்ற அவனுடைய கேள்விகள். உண்மையான கேள்விகள்தாம். ஆனால் 44 பேர் எரிந்தது ஒரு டெல்லி இளைஞனின் மனமாற்றத்துக்கான காரணமாகச் சுருங்கிவிடுகிறது. எரிந்தவர்களில் ஒருவர் காலையில் என்ன யோசித்தார், யாரோடு சண்டை போட்டார், சங்கத்துக்குச் சந்தா கொடுக்க எதை விற்றார் என்பதெல்லாம் நமக்குத் தெரியாமலே போகிறது. மிராசுதாருக்கு ஆழ்மனம் இருக்கிறது. நகரத்து இளைஞனுக்குத் தத்துவக் குழப்பம் இருக்கிறது. சேரி மக்களுக்கு மட்டும் அகம் என்று ஒன்று முழுதாகக் கிடைக்கவில்லை.

அடுத்தது காதல்.

அந்த நாவலில் பெண்கள் வருகிறார்கள், ஆண் பெண் உறவு வருகிறது. ஆனால் காதல் என்று நாம் சொல்கிற, இரண்டு பேர் ஒருவரையொருவர் சமமாகப் பார்க்கிற அந்த நிகழ்வுக்கு அங்கே இடம் குறைவு. பெண் உடல் ஒரு ஆணின் வீரியத்தை அளக்கும் படியாகிவிடுகிறது. பாட்டி சொன்ன அந்த மரப்படி போல. மிராசுதார் தன் ஆண்மையைக் காட்டப் பெண்ணைப் பயன்படுத்துகிறார். அவரை வீழ்த்த நினைப்பவர்களும் அதே அளவுகோலைத்தான் கையில் எடுக்கிறார்கள். ‘நீ ஆண்பிள்ளையா?’ என்று கேட்பதுதான் ஆதிக்கத்துக்கு எதிரான ஆயுதம் என்றால், அந்த ஆயுதம் முதலில் குத்துவது பெண்ணைத்தான். ஆண்மை என்ற சொல்லையே ஒழிக்க வேண்டும் என்று பெரியார் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் வாதிட்டதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தேதியைச் சொல்கிறேன். 1967 நவம்பரில் சட்டமன்றம் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வழங்கியது. 1968 தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் வெண்மணி எரிந்தது. புரோகிதர் இல்லாமல் யாரும் யாரையும் மணக்கலாம் என்று சட்டம் சொன்ன அதே ஆண்டில், கூலியை உயர்த்திக் கேட்க உரிமை இல்லை என்று கிராமம் சொன்னது. 44 பேர் எரிந்த பிறகுதான் கணபதியா பிள்ளை குழு வந்தது, 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. காதலும் கூலியும் நம் பேச்சில் தனித்தனியாக இருக்கின்றன. சாதிக்கு அவை தனித்தனி அல்ல. நம் வயலில் நிற்பவன் நிமிர்ந்து கூலி கேட்கக் கூடாது, நம் வீட்டுப் பெண்ணை அவன் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. இரண்டும் ஒரே விதியின் இரண்டு பிரிவுகள்.

இதை 2012 நவம்பர் 7இல் தருமபுரியில் பார்த்தோம். ஒரு தலித் இளைஞரும் வன்னியர் பெண்ணும் மணம் செய்துகொண்டார்கள். பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்டார். அன்று மாலையே நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன, பொருட்கள் சூறையாடப்பட்டன. ‘ஒரு தகப்பனின் வேதனை’, ‘ஆத்திரத்தில் நடந்துவிட்டது’ என்றார்கள். கவனியுங்கள், மறுபடியும் உளவியல். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்துச் சம்பாதித்து, மண் சுவரைக் கான்கிரீட் ஆக்கி, வாசலில் பைக் நிறுத்தியிருந்த வீடுகள் அவை. யார் வயலுக்கும் கூலிக்குப் போக வேண்டிய நிலையில் இல்லாதவர்கள். எரிந்தது எது என்று பார்த்தால் எரித்தவர்களின் மனம் தெரியும், தனியாக ஆழ்மனத்தைத் தோண்ட வேண்டியதில்லை. 2016 மார்ச் 13இல் உடுமலைப்பேட்டையில் சங்கரை வெட்டியபோதும் இதே பேச்சுதான். பெற்றவர்களின் மனசு என்று ஒன்று இருக்கிறதே என்றார்கள். வெட்டுப்பட்டவனுக்கும் அவனைப் பெற்றவர்களுக்கும் மனசு இருக்கிறது என்பது அந்தப் பேச்சில் வரவே இல்லை.

ஒரு புனைகதையைப் பற்றி ஐம்பது ஆண்டு கழித்து ஏன் இவ்வளவு கறாராகப் பேச வேண்டும் என்று கேட்டால், இதுதான் காரணம். ஆதிக்க சாதி வன்முறைக்குத் தனிமனித உளவியலில் காரணம் தேடும் பழக்கம் நாவலோடு முடியவில்லை. காவல் நிலையத்திலும் தொலைக்காட்சி விவாதத்திலும் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் அது தினமும் நடக்கிறது.

சரி, இந்த நாவலைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. ஒரு தோழர் கூட்டத்துக்கு முன் என்னிடம், “பிராமணர் எழுதியது, அப்படித்தான் இருக்கும்” என்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை. சீனிவாசராவும் அந்தப் பிறப்புதான். பிறப்பை வைத்து எழுத்தை எடைபோட்டால் நாமும் விதியை நம்புகிறவர்கள் ஆகிவிடுவோம். தமிழின் நவீன இலக்கியம் பெரும்பாலும் வெண்மணியைக் கடந்து போய்க்கொண்டிருந்த நாட்களில், அதை ஒரு நாவலின் நடுவில் கொண்டுவந்து வைத்தவர் இந்திரா பார்த்தசாரதி. அந்தக் கதைதான் 1983இல் ஸ்ரீதர் ராஜன் இயக்கத்தில் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ என்று திரைக்கும் போனது. அதே எழுத்தாளர் பிறகு ‘நந்தன் கதை’ நாடகத்தில், நந்தனார் இறங்கிய தீயைப் பக்தியின் சோதனையாக ஏற்காமல், அதற்குப் பின்னால் இருந்த சூழ்ச்சியைக் கேட்டார். அவர் போன தூரம் அவருடையது. மிச்சத் தூரம் நம்முடையது.

அந்த மிச்சத் தூரத்தைச் சிலர் போயிருக்கிறார்கள். சோலை சுந்தரபெருமாள் 1999இல் ‘செந்நெல்’ எழுதினார். அந்த மண்ணிலேயே பிறந்தவர், அந்த மண்ணின் பேச்சிலேயே எழுதினார். மீனா கந்தசாமி 2014இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் தமிழில் ‘குறத்தியம்மன்’ என்று வந்தது. ஒரு படுகொலையைக் கதையாகச் சொல்வதே எவ்வளவு சிக்கலான வேலை என்று அது தன்னையே கேட்டுக்கொள்கிறது. இவற்றையும் ‘குருதிப்புனல்’ பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

கடைசியாகச் சமரசம். இதற்கு வெண்மணி நாவல்களிலிருந்து கொஞ்சம் விலகி, ப. சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ நாவலுக்குப் போக விரும்புகிறேன். 1989இல் வந்தது. அதில் காத்தமுத்து என்ற தலித் தலைவர் வருகிறார். தங்கம் என்ற விதவைப் பெண், தன்னை வன்புணர்ந்த நிலக்காரர் தரப்பு ஆட்களால் அடிபட்டு அவர் வீட்டு வாசலில் வந்து விழுகிறார். காத்தமுத்து அவருக்காகப் புகார் எழுதுகிறார். எழுதும்போது நடந்ததை மாற்றுகிறார். மேல்சாதித் தெருவில் நடந்ததற்காக அடித்தார்கள் என்று எழுதுகிறார். அப்படி எழுதினால்தான் வழக்கு நிற்கும் என்று அவருக்குத் தெரியும். சட்டம் தெரிந்த, ஊர் தெரிந்த, தைரியமான மனிதர். ஆனால் அந்த மாற்றத்தில் தங்கத்தின் உடலுக்கு நேர்ந்தது காணாமல் போகிறது. பிறகு பணம் வாங்கிச் சமரசம். பிறகு அந்தப் பெண்ணே அவர் வீட்டில் மூன்றாவது பெண்ணாக ஆகிறார்.

காத்தமுத்து வில்லன் அல்ல. அவர் இல்லையென்றால் தங்கத்துக்கு யாருமே இல்லை. அதுதான் அந்த நாவலின் வலி. மிராசுதாரின் அந்தரங்கத்தைத் தோண்டுவது நமக்குச் சுலபம், அவர் நம்மில் ஒருவர் இல்லை. நம் வீட்டுத் தலைவரை, நம் அப்பாவை, நம் இயக்கத்தை அப்படிப் பார்ப்பது கடினம். சிவகாமி அதைச் செய்தார். அதற்காகச் சொந்த மக்களிடமிருந்தே எதிர்ப்பும் வந்தது. அதோடு அவர் நிற்கவில்லை. 1997இல் ‘ஆசிரியர் குறிப்பு’ என்று இன்னொரு நூலை எழுதி, தன் நாவலையே கூண்டில் ஏற்றினார். நான் எழுதியதில் எது உண்மை, எதைக் கூட்டினேன், எதை மறைத்தேன் என்று தன்னையே குறுக்கு விசாரணை செய்தார். தமிழில் அப்படித் தன் எழுத்தைத் தானே விசாரித்தவர்கள் மிகக் குறைவு.

புரட்சியைப் பற்றிய நாவல் என்று எனக்கு இப்போது தோன்றுவது அதுதான். துப்பாக்கியும் நெருப்பும் வருவதால் ஒரு நாவல் புரட்சி நாவல் ஆவதில்லை. எழுதுகிறவர் தன் கணக்கையும் சேர்த்துக் காட்ட வேண்டும். ‘குருதிப்புனல்’ மிராசுதாரை விசாரித்தது, அதில் தப்பில்லை. ஆனால் டெல்லியிலிருந்து வந்த கண்களை அது போதுமான அளவு விசாரிக்கவில்லை.

கோபாலகிருஷ்ண நாயுடு 1980 டிசம்பரில் கொல்லப்பட்டார். நாவல் தன் முடிவில் கைகாட்டிய திசையில் வரலாறு போனது என்று சிலர் சொல்வார்கள். நான் அந்தக் கொலையைக் கொண்டாடவும் வரவில்லை, அதற்காக அழவும் வரவில்லை. ஆனால் வெண்மணியின் கதை அத்தோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அதற்கு முன்னும் பின்னும் அந்தப் பகுதிப் பெண்கள் நிலத்துக்காக நடந்தார்கள், கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனோடு சேர்ந்து உண்ணாவிரதம் இருந்தார்கள், மனுக் கொடுத்தார்கள், பட்டா வாங்கினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அது சலிப்பான, மெதுவான, கதையில் நெருப்பாகத் தெரியாத வேலை. என் அம்மா பத்தாம் வகுப்புவரை படித்தது அந்த வேலையால். நான் இங்கே மைக் பிடித்து நிற்பதும் அதனால்தான்.

அதனால்தான் அந்தக் கருவாட்டுப் பொட்டலம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. படிகூட நிமிர்ந்து கேட்கப்பட்ட ஊரிலிருந்து வந்தவன், ஓர் அறைக்காகச் சிரித்து மழுப்பினேன். அன்று எனக்கு வேறு வழி இருந்ததா? இருந்திருக்கும், கொஞ்சம் அலைந்திருக்க வேண்டும். ‘இந்த ஊர் இப்படித்தான், என்ன செய்வது’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பெயர் விதி. எழுதிய அட்டையை, தலையெழுத்து என்று நம்பிவிட்டேன். அது வெறும் அட்டைதான். யாரோ ஸ்கெட்ச் பேனாவில் எழுதியது.

உங்களில் பலர் இப்போதுதான் வேலைக்கு வந்து அறை தேடிக்கொண்டிருப்பீர்கள். சிலர் வேறு சாதியில் ஒருவரைக் காதலித்துக்கொண்டிருப்பீர்கள், வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். சமரசமே செய்யாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. உயிருக்கு ஆபத்து இருக்கும் இடத்தில் யாரும் யாருக்கும் வீரம் போதிக்கக் கூடாது. ஒன்று மட்டும் செய்யுங்கள். சமரசம் செய்துகொண்டால், அதைச் சமரசம் என்றே எழுதி வையுங்கள். நாகரிகம் என்றோ, நடைமுறை என்றோ பெயர் மாற்றாதீர்கள். பெயர் மாற்றாமல் வைத்திருந்தால் என்றாவது ஒருநாள் அதைத் திருப்பிக் கேட்க முடியும்.

போன பொங்கலுக்கு அம்மா சென்னை வந்தார். இப்போது இருக்கும் வீட்டுக்காரரிடம் நான் யார் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் குடிவந்தேன். ஐந்து வீடு கைநழுவிய பிறகு கிடைத்த வீடு. அம்மா பையைத் திறந்து பொட்டலத்தை எடுத்தார். கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, “பிரிக்கலாமாடா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அவர் இனிக் கேட்க வேண்டியிருக்கக் கூடாது. அதற்காகத்தான் இந்த வாசிப்பு, இந்தக் கூட்டம், எல்லாம்.

 கேள்விகள் இருந்தால் பேசுவோம்.